சம்பு நாத் டே (1915 – 1985): குடலுக்குள் நஞ்சைத் தேடியவர்

க.பொ.த. (சா.த) தமிழ்மொழி வினாத்தாளில் விஞ்ஞானி ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதுமாறு கேட்டால் நம் மாணவர்களில் பெரும்பாலோர் எடிசனையே எழுதுகின்றனர். அவரை விட்டால் நியூட்டன். அதையும் விட்டால் அப்துல் கலாம். எழுதுவதில் பிழையில்லை. ஆனால் கட்டுக் கட்டாக எடிசனே வந்தால் திருத்துபவருக்கு அலுப்புத் தட்டாதா? அதனால் இம்முறை உங்களுக்கு வேறொருவரை அறிமுகம் செய்கின்றேன். அவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஒரு மருத்துவப் பேராசிரியர். விஞ்ஞானப் பாடத்தில் நீங்கள் படிக்கும் பற்றீரியா, சிறுகுடல், கட்டுப்பாட்டுப் பரிசோதனை ஆகிய மூன்றும் இவருடைய வாழ்க்கையில் ஒன்றாக வந்து சேர்கின்றன. எனவே கட்டுரைக்குப் படித்தது விஞ்ஞானத்துக்கும் உதவும்.

பிறப்பும் கல்வியும்

சம்பு நாத் டே 1915 ஆம் ஆண்டு பெப்ரவரி 1 ஆம் திகதி வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்திலுள்ள கரிபாட்டி என்னும் கிராமத்தில் பிறந்தார். வசதியான குடும்பம் அல்ல. தந்தை சிறு வியாபாரம் செய்தவர். பிள்ளையின் கெட்டித்தனமும் புலமைப்பரிசிலுமே அவரைக் கிராமப் பாடசாலையிலிருந்து ஹூக்ளி மொஹ்சின் கல்லூரிக்கும், அங்கிருந்து கல்கத்தா மருத்துவக் கல்லூரிக்கும் கொண்டு சென்றன. 1939 இல் மருத்துவப் பட்டமும், 1942 இல் வெப்பமண்டல மருத்துவத்தில் டிப்ளோமாவும் பெற்றார். பின்னர் அதே கல்லூரியின் நோயியல் பிரிவில் சேர்ந்தார். நோயியல் என்பது நோயினால் உடலின் இழையங்களில் என்ன மாற்றம் நிகழ்கின்றது என்று ஆராயும் துறையாகும்.

1947 இல் இலண்டன் சென்று, பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையின் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் ரோய் கமரன் என்பவரின் கீழ் ஆய்வு செய்தார். அங்கே அவர் ஆராய்ந்த விடயங்களுள் ஒன்று நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது. குருதிக் கலனுக்குள் இருக்க வேண்டிய நீர் எப்படி வெளியே கசிகின்றது என்ற கேள்வி அது. 1949 இல் கலாநிதிப் பட்டத்துடன் திரும்பினார். அங்கு பழகிய அந்தக் கேள்வியை ஊருக்கு வந்ததும் நுரையீரலிலிருந்து குடலுக்கு மாற்றிக்கொண்டார். அவருடைய வாழ்க்கையின் திருப்பம் இதுதான் என்பது என் எண்ணம்.

வாந்திபேதி என்னும் கொலரா

அக்காலக் கல்கத்தாவில் கொலரா ஆண்டுதோறும் வந்து போகும் விருந்தாளி. நம் முன்னோர் வாந்திபேதி என்று அஞ்சிய அதே நோய்தான். மலையகத்து மக்களுக்கு இதன் வரலாறு அந்நியமானதல்ல. தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கென மன்னார் வழியாக மாத்தளை நோக்கி நடந்து வந்தவர்களை வழியிலேயே கொன்ற நோய்களுள் இதுவும் ஒன்று. பிற்காலத்தில் தோட்டங்களுக்கு வந்தவர்களை மண்டபம் முகாமில் மறித்து வைத்து, நோய் இல்லையென்று கண்ட பின்னரே கப்பலேற விட்டதற்கும் இந்த அச்சம் ஒரு காரணமாகும். வரலாறு படிக்கும் மாணவர்கள் மண்டபம் முகாமை மறக்க வேண்டாம்.

இந்நோய் கண்டவருக்கு அரிசி களைந்த தண்ணீர் போன்று வயிற்றால் போய்க்கொண்டே இருக்கும். கடுமையாகத் தாக்கினால் சில மணித்தியாலங்களிலேயே உடலின் நீரும் உப்பும் வற்றி, கண் குழிந்து, நாடி தளர்ந்து விடும். சிகிச்சை இல்லையேல் மரணந்தான்.

நோய் தண்ணீரின் வழியே பரவுகின்றது என்பதை 1854 இல் இலண்டனில் ஜோன் ஸ்னோ காட்டினார். அதே ஆண்டில் இத்தாலியரான பச்சினி, இறந்தவர்களின் குடலில் நுணுக்குக்காட்டியின் ஊடாகக் கிருமியைக் கண்டார். எவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1883 இன் இறுதியில் ஜேர்மனியரான றொபேட் கொக் கல்கத்தாவுக்கே வந்து, 1884 இல் விப்ரியோ கொலரே என்னும் அந்தப் பற்றீரியாவைப் பிரித்தெடுத்து வளர்த்தார். அது ஒரு நஞ்சைச் சுரக்கின்றது, அந்த நஞ்சே நோய்க்குக் காரணம் என்று கொக் ஊகித்தார். ஊகித்தாரேயன்றி நஞ்சைக் காட்ட அவரால் முடியவில்லை.

அவருக்குப் பின் வந்தவர்களும் தேடினார்கள். முயலுக்கும் எலிக்கும் கிருமியை வாய்வழியாகக் கொடுத்தார்கள். வளர்ந்த விலங்குகளுக்கு நோய் வரவில்லை. வயிற்றறைக்குள்ளும் குருதிக்குள்ளும் ஊசி மூலம் ஏற்றினார்கள். விலங்கு செத்தது; ஆனால் வயிற்றோட்டம் ஏற்படவில்லை. கிருமி இறந்து சிதையும்போது அதன் உடலிலிருந்து வெளிவரும் நஞ்சு குருதியில் கலந்து கொல்கின்றது என்ற கருத்தே நெடுங்காலம் நிலைத்திருந்தது. நோயாளிக்குப் பிரச்சினை குடலில். ஆய்வாளர் தேடியதோ குருதியில். இப்படியே ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழிந்தன.

முயலின் குடலில் இரண்டு முடிச்சுகள்

நாடு திரும்பிய டே முதலில் நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியிலும், 1955 முதல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் நோயியல், பற்றீரியவியல் பிரிவின் தலைவராகவும் பணியாற்றினார். பெரிய ஆய்வுகூட வசதிகள் கிடையாது. கற்பித்தல் வேலை முடிந்த பின்னர் கிடைக்கும் நேரமே ஆய்வுக்குரிய நேரம்.

1953 இல் டி. என். சட்டர்ஜி என்பவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட பரிசோதனை இதுதான். உணவின்றி வைத்த ஒரு முயலுக்கு மயக்கமருந்து கொடுத்து வயிற்றைத் திறந்தார்கள். சிறுகுடலில் ஒரு சிறு பகுதியை, குருதிக் கலன்களுக்குச் சேதம் வராமல், இரண்டு பக்கமும் நூலால் கட்டினார்கள். இப்போது அது இரண்டு வாயும் அடைத்த ஒரு சிறிய பை போன்றது. அதற்குள் கொலராப் பற்றீரியா வளர்ந்த திரவத்தில் ஏறத்தாழ 1 மி.லீ. செலுத்தினார்கள். குடலை உள்ளே வைத்துத் தைத்துவிட்டு மறுநாள் திறந்து பார்த்தார்கள். கட்டிய பகுதி திரவத்தால் நிரம்பிப் புடைத்திருந்தது. உள்ளே இருந்தது கொலரா நோயாளியிடம் காணும் அதே வகை நீர்.

இங்கே சற்று நில்லுங்கள். கிருமி இருந்ததனால்தான் குடல் புடைத்தது என்று எப்படிக் கூறலாம்? நூலால் கட்டியதனால் புடைத்திருக்கக் கூடாதா? ஊசி குத்தியதனால்? செலுத்திய திரவத்தினால்? என் வகுப்பில் இதைச் சொன்னபோது பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளைதான் முதலில் கேட்டது. மிக நல்ல கேள்வி. விடை, அதே முயலின் குடலில் இன்னொரு பகுதியையும் அவ்வாறே கட்டி, கிருமி இல்லாத திரவத்தைச் செலுத்துவதாகும். அந்தப் பகுதி சுருங்கி வெறுமையாகவே கிடந்தது. முயல் ஒன்று, நூல் ஒன்று, நேரம் ஒன்று. வேறுபட்டது கிருமி மட்டுமே. கட்டுப்பாட்டுப் பரிசோதனை என்றால் என்ன என்று வினாத்தாளில் கேட்கும்போது இலையில் மாப்பொருள் சோதனையை மட்டும் எழுதாமல் இதையும் எழுதிப் பாருங்கள்.

முறை புதிதா என்றால் முழுவதும் புதிதல்ல. டே பிறந்த அதே 1915 இல் இரண்டு ஆய்வாளர்கள் இதையொத்த முறையைப் பிரெஞ்சு மொழியில் எழுதியிருந்தனர். அது மறக்கப்பட்டுக் கிடந்தது. டேயின் கையில் அது மறுபடியும் பிறந்து, உலகெங்கும் பயன்படும் சோதனையாயிற்று. குடற் கண்ணிச் சோதனை என்று இதைத் தமிழில் கூறலாம்.

1956: ஒரே முகம், இரண்டு குணம்

கொலராவுக்கு ஏற்ற சோதனை மற்ற வயிற்றோட்டங்களுக்கும் உதவாதா என்று டே அடுத்துச் சிந்தித்தார். ஈ. கோலை என்னும் பற்றீரியாவை அறிவீர்கள். நம் எல்லோருடைய பெருங்குடலிலும் அது வாழ்கின்றது. பொதுவாகத் தீங்கு செய்வதில்லை. ஆனால் கைக்குழந்தைகளின் வயிற்றோட்டத்துக்கு அதே இனத்தின் சில வகைகள் காரணம் என்ற ஐயம் அப்போது இருந்தது. வளர்ப்பூடகத்தில் வளர்த்துப் பார்த்தால் நல்லதும் கெட்டதும் ஒரே தோற்றம். நுணுக்குக்காட்டியிலும் ஒரே வடிவம். பிறகு எப்படிப் பிரித்தறிவது?

வயிற்றோட்டம் கண்டவர்களிடமிருந்து எடுத்த ஈ. கோலை வகைகளை டேயும் அவருடைய துணைவர்களும் முயலின் குடற்பகுதிகளில் செலுத்தினர். சில வகைகள் குடலைப் புடைக்கச் செய்தன, சில செய்யவில்லை. முடிவு 1956 இல் வெளிவந்தது. கிருமியின் முகத்தைப் பார்த்து நோயைத் தீர்மானிக்க முடியாது, அது குடலில் என்ன செய்கின்றது என்பதைப் பார்க்க வேண்டும் என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது. பிற்காலத்தில் வெப்பமான நாடுகளில் குழந்தைகளின் வயிற்றோட்டத்துக்கும், வெளியூர் செல்லும் பயணிகளின் வயிற்றோட்டத்துக்கும் நஞ்சு சுரக்கும் ஈ. கோலை முக்கிய காரணம் என்று தெரியவந்தபோது இந்த ஆய்வின் மதிப்பு விளங்கிற்று.

1959: கிருமி இல்லாத திரவம்

இன்னும் ஒரு கேள்வி மிஞ்சியிருந்தது. குடலைப் புடைக்கச் செய்வது உயிருள்ள கிருமியா, அது வெளிவிடும் பொருளா? டே கொலராக் கிருமியைத் திரவத்தில் வளர்த்து, அத்திரவத்தைக் கிருமிகள் புக முடியாத நுண்வடியின் ஊடாக வடித்தார். வடிதிரவத்தில் ஒரு பற்றீரியாவும் இல்லை. அந்தத் திரவத்தை மட்டும் முயலின் குடற்பகுதியில் செலுத்தினார். குடல் புடைத்தது!

எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கொக் ஊகித்த நஞ்சு இதுதான். கிருமி சாக வேண்டியதில்லை. உயிரோடு இருக்கும்போதே நஞ்சைச் சுரந்து வெளியே விடுகின்றது. நஞ்சு குருதிக்குள் போக வேண்டியதுமில்லை. குடலின் உட்சுவரிலேயே தன் வேலையைச் செய்கின்றது. 1959 மே மாதத்தில் இங்கிலாந்தின் நேச்சர் இதழில் இக்கட்டுரை வெளிவந்தது. ஆசிரியராக டேயின் பெயர் மட்டுமே இருந்தது. இரண்டு பக்கங்களுக்குள் அடங்கிய கட்டுரை. நீளமாக எழுதினால்தான் புள்ளி கிடைக்கும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

சோதனையை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருதல்

1961 இல் இந்தோனேசியாவில் தொடங்கிய கொலரா நாடு நாடாகப் பரவியது. பல நாட்டு ஆய்வுகூடங்கள் டேயின் சோதனையைக் கையாண்டன. அப்போது வேறொரு தொல்லை எழுந்தது. ஒரே கிருமியை ஓர் ஆய்வுகூடம் நஞ்சுள்ளது என்றது. இன்னொன்று இல்லை என்றது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் கட்டிய குடல் நீளம், மற்றவர் கட்டியது கட்டை. ஒருவர் கிருமியை வளர்த்த திரவம் வேறு, வெப்பநிலை வேறு, மணித்தியாலம் வேறு. தேயிலைக் கொழுந்தை ஒரு மலையில் ஒரு தராசிலும் அடுத்த மலையில் வேறொரு தராசிலும் நிறுத்தால் யார் கூடப் பறித்தார் என்று எப்படிச் சொல்வது? தராசு ஒன்றாக வேண்டும். இதையே நியமப்படுத்தல் என்கிறோம்.

முதலாவதாக, புடைத்தது, புடைக்கவில்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்வதற்குப் பதிலாக அளந்து சொன்னார்கள். கட்டிய பகுதியில் சேர்ந்த நீரின் கனவளவை அப்பகுதியின் நீளத்தால் வகுத்தார்கள். உதாரணமாக 10 ச.மீ. நீளத்தில் 15 மி.லீ. இருந்தால் ஒரு ச.மீற்றருக்கு 1.5 மி.லீ. 8 ச.மீ. நீளத்தில் 14 மி.லீ. இருந்தால் 1.75 மி.லீ. மொத்த நீர் குறைவாக இருந்தும் இரண்டாவதே கூடிய விளைவு. கணித பாடத்தில் விகிதம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இது விடை.

ஒவ்வொரு முயலிலும் நஞ்சு உறுதியாக உள்ள திரவம் ஒரு பகுதியிலும், நஞ்சே இல்லாத திரவம் ஒரு பகுதியிலும் இருக்க வேண்டும் என்பதும் வழக்கமாயிற்று. முதலாவது புடைக்காவிட்டாலோ, இரண்டாவது புடைத்துவிட்டாலோ அந்த முயலின் முடிவு முழுவதும் நிராகரிக்கப்படும். சிறுகுடலின் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதால் சோதனைத் திரவத்தை முயலுக்கு முயல் இடம் மாற்றிச் செலுத்தினார்கள்.

நேரத்தின் கதை எல்லாவற்றிலும் சுவையானது. ஈ. கோலை சுரக்கும் நஞ்சுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று சூடாக்கினால் அழிந்துவிடும். அது கொலரா நஞ்சை ஒத்தது. மற்றது கொதிக்க வைத்தாலும் தாங்கும். முதலாவது வகை குடலை மெதுவாகப் புடைக்கச் செய்யும். 18 மணித்தியாலமளவில் பார்க்க வேண்டும். இரண்டாவது வகை விரைவில் வேலை செய்து ஆறு மணித்தியாலமளவில் உச்சத்தை அடைந்து பின்னர் தணிந்துவிடும். மறுநாள் காலையில் மட்டும் பார்க்கும் ஆய்வுகூடம் இரண்டாவது நஞ்சைத் தவறவிடக்கூடும். நோய் இருக்கும்; அறிக்கையில் இராது. பார்க்கும் நேரத்தைக் குறித்துவைக்காத சோதனை, மணி இல்லாத பாடசாலை போன்றது.

இன்று இத்தேவைக்கு முயலை அறுப்பது பெரும்பாலும் குறைந்துவிட்டது. 1970 களில் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்த கலங்களின் மீது நஞ்சை இட்டு அவற்றின் வடிவ மாற்றத்தைப் பார்க்கும் முறைகள் வந்தன. பின்னர் நஞ்சுடன் பிணையும் பிறபொருளெதிரிகளைக் கொண்ட சோதனைகளும், நஞ்சை உண்டாக்கும் பரம்பரையலகையே தேடும் சோதனைகளும் வந்தன. இவை வந்த காலத்தில் நம்பத் தகுந்தனவா என்று பார்க்க எதனுடன் ஒப்பிட்டார்கள் தெரியுமா? டேயின் முயற் குடலுடன்தான்.

நஞ்சு செய்யும் வேலையும் ஜீவனியும்

நஞ்சு இருக்கின்றது என்று தெரிந்த பின் அதைத் தூய நிலையில் பிரித்தெடுக்கும் வேலை தொடங்கியது. 1969 இல் அமெரிக்காவில் பிங்கெல்ஸ்டைன் குழுவினர் அதைச் செய்து முடித்தனர். நஞ்சின் ஒரு பகுதி குடற் கலத்தின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்கின்றது. மற்றப் பகுதி கலத்துக்குள் நுழைகின்றது. அதன் பின் அக்கலம் குளோரைட்டு அயன்களை ஓயாமல் குடலுக்குள் வெளிவிடும். சோடியமும் பின்தொடரும். உப்பு சென்ற இடத்துக்கு நீரும் பிரசாரணத்தால் செல்லும். குடற் கலம் சிதைவதில்லை. திறந்த பீலி மூடப்படாமல் ஓடுவது போலத்தான்.

கலம் சிதையவில்லை என்பதில்தான் உயிர் தப்பும் வழி இருக்கின்றது. குளுக்கோசுடன் சேர்த்துக் கொடுத்தால் சோடியத்தை உள்ளெடுக்கும் ஆற்றல் அந்நிலையிலும் குடலுக்கு உண்டு. 1968 இல் டாக்காவில் இதைக் கொலரா நோயாளிகளிடம் காட்டினர். 1971 இல் பங்களாதேஷ் போரின்போது பொங்காவ் அகதி முகாமில் வைத்தியர் திலிப் மஹாலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பீப்பாய்களில் கரைத்துக் கொடுத்தார். ஏறத்தாழ 30 சதவீதமாக இருந்த இறப்பு 3.6 சதவீதமாகக் குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் அளவின்படி ஒரு லீற்றர் நீருக்குக் குளுக்கோசு 13.5 கிராம், சோடியம் குளோரைட்டு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைட்டு 1.5 கிராம், சோடியம் சித்திரேற்று 2.9 கிராம் ஆகும்.

நாம் ஜீவனி என்று கேட்டு வாங்கும் பக்கற்று இதுதான். வட்டகொடைப் பக்கத்துத் தோட்டங்களில் மழை பலத்தால் பீலித் தண்ணீர் கலங்கும்; லயத்தில் ஒரு பிள்ளைக்கு வயிற்றாலே போனால் பிள்ளைக்காம்பராவில் மற்றப் பிள்ளைகளுக்கும் வந்துவிடும். அவ்வேளையில் பக்கற்றில் போட்டிருக்கும் அளவு நீரில், கொதித்து ஆறிய நீரில், கரைக்க வேண்டும். பாதிப் பக்கற்றைக் கண்மதிப்பாகப் போட்டுக் கலக்குவதும், காரம் கூடிவிட்டதென்று நினைத்து மேலும் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. இவ்வளவும் அளவின் கதைதான் என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

வீட்டில் அறியாத பெயர்

இவ்வளவு செய்த மனிதருக்குக் கிடைத்த மரியாதை என்ன? 1961 இல் கொலராவின் நோயியல் பற்றித் தனி நூல் ஒன்றை வெளியிட்டார். ஆயினும் நஞ்சைத் தூய்மையாக்கும் வசதி கல்கத்தாவில் அவருக்கு இருக்கவில்லை. ஆய்வின் அடுத்த கட்டம் மேல்நாட்டு ஆய்வுகூடங்களின் கைக்குப் போயிற்று. டே 1973 இல் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். அதன் பின்னரும் கல்கத்தாவின் போஸ் நிறுவனத்தில் ஆய்வை விடவில்லை. இந்தியாவின் எந்த விஞ்ஞானக் கழகமும் அவரை உறுப்பினராகத் தெரிவு செய்யவில்லை. பெரிய விருது ஒன்றும் வரவில்லை. அமைதியான சுபாவம், தன்னை முன்னிறுத்தத் தெரியாது என்று காரணம் சொல்வார்கள். அது அரைவாசிக் காரணமே என்று நான் நினைக்கின்றேன். அவருடைய கட்டுரை அச்சிலிருந்தது. படிக்க வேண்டியவர்கள் படித்திருக்கலாம்.

வெளியிலிருந்துதான் குரல் வந்தது. 1958 இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்கரான ஜோசுவா லெடர்பேக், டேயின் பெயரை அதே பரிசுக்கு ஒரு முறைக்கு மேல் முன்மொழிந்தார். பரிசு கிடைக்கவில்லை. 1978 இல் நோபல் நிறுவனத்தின் சார்பில் கொலராவும் அதையொத்த வயிற்றோட்டங்களும் பற்றி ஸ்டொக்ஹோமில் நடந்த மாநாட்டுக்கு அவர் அழைக்கப்பட்டார். அப்போது வயது 63. அவருடைய சோதனையை நாள்தோறும் செய்துவந்தவர்கள் பலர் அந்த மனிதரை அங்கேதான் முதன்முதலாகக் கண்டார்கள்.

1985 ஏப்ரல் 15 ஆம் திகதி சம்பு நாத் டே காலமானார். 1986 இல் அமெரிக்காவில் இயூஜின் கார்பீல்ட் அவரைப் பற்றி விரிவாக எழுதினார். 1990 இல் இந்தியாவின் கரண்ட் சயன்ஸ் இதழ் அவருக்கெனத் தனிச் சிறப்பிதழ் ஒன்றை வெளியிட்டது. லெடர்பேக்கும் அதில் எழுதினார். நேச்சர் கட்டுரை வெளிவந்து அப்போது முப்பத்தொரு ஆண்டுகள் ஆகியிருந்தன.